துவக்கு லைசென்ஸும் தூக்கிய கைகளும்

1

என் தம்பியின் மகள் சுவர்ணா யாழ்ப்பாணத்திலிருந்து போன மாதம் எழுதியிருந்தாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர் மறிப்பார்களாம். சைக்கிளை விட்டு இறங்கி, புத்தகப் பையைத் திறந்து காட்டி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமாம். முதலாம் பாடத்துக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போகக் கிடைப்பதில்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: "பெரியப்பா, லண்டனிலும் உங்களை மறித்து உடம்பைத் தடவிப் பார்ப்பினமோ? அங்கே சட்டம் இருக்கெண்டு அப்பா சொல்லுறார்."

இதற்கு ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் எழுதலாம் என்று இருந்தேன், முடியவில்லை. ஆகவே சுவர்ணாவுக்கும், அவளோடு சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். இங்கே பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் விடியக்காலை ஷிப்ட். சட்டப் புத்தகம் எதுவும் படித்ததில்லை. ஆனால் சட்டப்படி துவக்கு வைத்திருக்கும் ஒருவனைப் பொலிஸ் எப்போது தடவிப் பார்க்கலாம் என்ற ஒரு சங்கதியை மட்டும் நன்றாகப் படித்திருக்கிறேன். என் உடம்பாலேயே படித்தேன்.

பெரியப்பாவிடம் துவக்கா என்று நீங்கள் கண்ணை விரிப்பது தெரிகிறது. பொறுங்கள், சொல்கிறேன்.

2

என் மகள், உங்கள் அக்கா தர்சினிக்கு இப்போது பதினைந்து வயது. நாங்கள் இருக்கும் மோர்டனில் ஒரு மண்டபத்தின் கீழே றைபிள் சுடும் கழகம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றப் பிள்ளைகள் அதோடு மறந்துவிட்டார்கள், இவள் மறக்கவில்லை. காகிதத்தில் வட்டம் கீறி, அதன் நடுவில் ஒரு ஓட்டை போடுவதற்காகக் குப்புறப் படுத்து மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பாள். வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இராத பிள்ளை அது.

அவள் இடக்கைக்காரி. கழகத்துத் துவக்குகள் எல்லாம் வலக்கைக்காரருக்குச் செய்தவை. கழகத்துக்குப் பொறுப்பானவர் பிரையன் என்ற வெள்ளைக்காரர். முன்பு தபால்காரராக இருந்தவர். அவர் ஒருநாள் என்னிடம், "இந்தப் பிள்ளைக்குச் சொந்தத் துவக்கு வேண்டும். இடக்கைத் துவக்கு ஒன்று விலைக்கு வருகிறது. நீயும் கழகத்தில் சேர்ந்து உன் பெயரில் லைசென்ஸ் எடு" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. பிள்ளைகளே, ஊரில் எங்கள் வீட்டில் முன்பு ஒரு துவக்கு இருந்தது. வயலுக்குப் பன்றி வராமல் வெடி வைப்பதற்கு, அரசாங்கக் கச்சேரியில் முறைப்படி லைசென்ஸ் எடுத்தது. பிரச்சினை தொடங்கியபோது பொலிஸ் வந்து அதைக் கொண்டுவந்து தரச் சொன்னது. என் அப்பு கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு இயக்கப் பெடியள் வந்து, "துவக்கை எங்களிட்டை தராமல் ஏன் அவங்களிட்டை குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்கள். துவக்கு இருந்த காலத்தில் அந்த வீட்டுக்கு யாரும் அடிக்க வந்ததில்லை. போனபிறகு இரண்டு பக்கமும் அடித்தது.

இந்தக் கதை தெரிந்த சின்னத்துரை அண்ணை, எங்கள் மேல்மாடியில் இருப்பவர், நான் லைசென்ஸுக்கு எழுதப்போகிறேன் என்றதும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"டேய், வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடி வந்தனி. இஞ்ச வந்து காசு குடுத்து வெடி வாங்கப் போறியோ?"

"எனக்கில்லை அண்ணை, பிள்ளைக்கு."

"பிள்ளைக்கு வீணை வாங்கிக் குடு. பரதநாட்டியத்துக்கு விடு. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலிலை ஆடினால் நாலு சனம் பாக்கும். இதை ஆர் பாக்கிறது?"

ஆனாலும் எழுதினேன். ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்தார். துவக்கை வைக்கும் இரும்புப் பெட்டியைச் செங்கல் சுவரில் ஆணி அடித்துப் பொருத்த வேண்டும் என்பது விதி. கவுன்சில் வாடகைக்குத் தந்த எங்கள் வீட்டில் தட்டினால் பலகைச் சத்தம் கேட்காத சுவர் ஒன்றே ஒன்று. அதில் சாமிப் படங்கள் இருந்தன. பிள்ளையாரை ஒரு முழம் நகர்த்தினோம். என் மனைவி பவளம் விளக்கு ஏற்றும்போதெல்லாம் பெட்டியை முறைத்துப் பார்ப்பாள்.

லைசென்ஸ் வந்தது. என் படம் ஒட்டி, பெயரில் ஒரு எழுத்தும் பிழையில்லாமல் வந்தது. இந்த நாட்டில் என் பெயரைச் சரியாக எழுதிய முதல் கடுதாசி அதுதான்.

3

அந்த லைசென்ஸுக்கும் ஒரு சோதனை வந்தது. தர்சினியின் பெயரைக் கவுண்டி, அதாவது மாவட்ட, அணித் தேர்வுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் வயதில் கழகத்திலிருந்து அவள் ஒருத்திதான். தேர்வுக்குச் சில கிழமைகள் இருக்கையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பஸ்ஸால் இறங்கிக் கழகத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். துவக்கு நீளமான கன்வஸ் உறைக்குள் என் தோளில். அதன் பின்பக்கத்தில் போடும் போல்ட் என்ற இரும்புத் துண்டைக் கழற்றி அவள் தன் பையில் வைத்திருந்தாள். அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் குழாய். அதால் ஒரு காகத்தைக்கூடக் கலைக்க ஏலாது.

பொலிஸ் கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். மூத்தவர் வாயைத் திறந்து ஏதோ கேட்கத் தொடங்கினார்.

அவர் கேட்டு முடிக்கவில்லை. நான் உறையை நிலத்தில் வைத்தேன். இரண்டடி பின்னால் போனேன். பக்கத்திலிருந்த தமிழ்க்கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். காலை அகட்டி வைத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"அப்பா! என்ன செய்யிறீங்கள்?" என்றாள் தர்சினி.

"பேசாமல் நில், பிள்ளை."

"அவை உறைக்குள்ள என்ன எண்டுதான் கேட்டவை!"

அப்போதுதான் லைசென்ஸ் என் கோட்டின் உட்பையில் இருப்பது நினைவு வந்தது. எடுத்துக் காட்டினால் முடிந்துவிடும் என்று வலக்கையை இறக்கிக் கோட்டுக்குள் விட்டேன். பிள்ளைகளே, நீங்கள் அங்கே தினமும் பார்க்கிறவர்கள், உங்களுக்கே தெரியும், அது செய்யக்கூடாத வேலை. "கையை அசைக்காதே!" என்று இளையவர் கத்திய சத்தத்தில் கடைக்காரர் வாழைப்பழச் சீப்போடு வெளியே ஓடி வந்தார். தமிழ் வகுப்பு விட்டு வந்த தாய்மாரும் பிள்ளைகளும் நின்று பார்த்தார்கள்.

அக்குளிலிருந்து கணுக்கால்வரை தடவினார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். உட்பையிலிருந்து என் பொலித்தீன் பையை எடுத்தார்கள். அதற்குள் துவக்கு லைசென்ஸ் மட்டுமா இருந்தது? எங்கள் மூன்று பேரின் பிறப்புப் பதிவு, இங்கே இருக்கலாம் என்று அரசாங்கம் தந்த கடிதம், கலியாணப் பதிவு, கவுன்சில் வீட்டுத் துண்டு, எல்லாம் இருந்தன.

"ஏன் இவ்வளவையும் கொண்டு திரிகிறாய்?" என்று இளையவர் கேட்டார். உண்மையாகவே விளங்காமல் கேட்டார், கேலி இல்லை.

"எங்கள் நாட்டில் கடுதாசி இல்லையென்றால் ஆள் இல்லை, சேர்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். றேடியோவில் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டார்கள். எல்லாம் சரி என்று பதில் வந்தது. மூத்தவர் என் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் சரிதான். ஆனால் எல்லாம் சரியான ஆள் ஏன் இப்படி நடக்கிறான்?" என்று கேட்டுவிட்டு, விசாரித்துத் தருகிறோம் என்று துவக்கைக் காரில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தர்சினி என் பக்கத்தில் இருக்கவில்லை. மேல்தட்டுக்கு ஏறிப் போய்விட்டாள். இறங்கும்போது மட்டும் சொன்னாள்:

"இட் வோஸ் ஸோ எம்பரசிங், அப்பா. அவை ஒண்டும் செய்யேல்லை. நீங்கள்தான் செய்தனீங்கள்."

4

பிரையன் கேள்விப்பட்டுக் கொதித்தார். கழகத்துக் கதிரையில் என்னை இருத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். பொலிஸ் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம். துவக்கை வாங்கிச் சோதிக்கலாம். ஆளின் உடம்பைத் தேடுவதென்றால் சந்தேகப்படத் தக்க காரணம் ஒன்று இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை வாயால் சொல்ல வேண்டும். பிறகு எழுத வேண்டும், கேட்டால் அதன் பிரதியைத் தர வேண்டும். தெருவில் வைத்துக் கோட்டையும் கையுறையையும் தவிர வேறு எதையும் கழற்றச் சொல்ல முடியாது, சப்பாத்தைக்கூட.

"ஆளிடம் துவக்கு இருக்கிறதென்ற சந்தேகமே காரணமாகலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது" என்றார்.

"லைசென்ஸோடு வைத்திருப்பவனிடம்?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுதான் எனக்கும் விளங்கவில்லை. போய்க் காரணத்தைக் கேள். எழுதியதைத் தரச் சொல்."

வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போனேன். தர்சினியை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் மரியாதையான மனிதர். எங்களை இருக்கச் சொன்னார், தேடி எடுத்துப் பார்த்தார், பிறகு சொன்னார்: "இதில் தேடுதல் என்று ஒன்றும் இல்லையே. உங்கள் அப்பா தானாகவே உடன்பட்டார். சம்மதத்தோடு நடந்தது. சம்மதம் என்றால் காரணம் தேவையில்லை. காரணம் இல்லாததால் பிரதியும் இல்லை."

தர்சினி அதைத் தமிழில் சொல்லவில்லை. எனக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் எப்ப சம்மதிச்சனான்?" என்று கேட்டேன்.

சார்ஜன்ட் தன் இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார். கேலி செய்யவில்லை. விளக்கம் சொன்னார்.

பிள்ளைகளே, எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத ஏலாது. பயத்தில் தூக்கிய கைக்கு இவர்கள் வைத்த பெயர் சம்மதம். ஊரில், ஆனையிறவு ஆமி முகாமடியில் பஸ்ஸை நிறுத்தி எங்களை வரிசையாக இறக்கினார்களே, அங்கே நின்ற அத்தனை சனமும் சம்மதித்தா நின்றது? அதைச் சொல்ல வாயெடுத்தால் இங்கிலீஷில் "ஐ அம் நொட்... ஐ அம் நொட்..." என்பதற்கு மேல் வரவில்லை. தர்சினி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

துவக்கு எப்போது வரும் என்று கேட்டதற்கு, லைசென்ஸ் அதிகாரி வீட்டுக்கு வருவார், அவர் திருப்திப்பட்டால் வரும் என்றார்கள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

5

அதிகாரி வருவதற்கு முதல்நாள் வீட்டில் பெரிய மாநாடு. சின்னத்துரை அண்ணையும் இறங்கி வந்திருந்தார்.

"ஏன் கையைத் தூக்கினாய் எண்டுதான் கேப்பான்" என்றார் அவர். "என்ன சொல்லப் போறாய்?"

"உண்மையைச் சொல்லுவன். பொலிஸைக் கண்டால் பயம்."

"விசரா உனக்கு? பொலிஸுக்குப் பயந்தவனிட்டை துவக்கைக் குடுப்பாங்களோ?"

"அப்ப பயமில்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள் பவளம்.

"பயமில்லாதவன் ஏன் கையைத் தூக்கினவன் எண்டு கேட்டால்?"

தர்சினி வோக்மனைக் காதில் மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். தேர்வுக்குப் போக முடியாமல் போகப்போகிறவள் அவள். அதைப் பற்றி வாய் திறக்காதவளும் அவள்தான்.

அதிகாரி வயதான மனிதர், மழைக்கோட்டைக் கழற்றாமல் இருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார், சாவி எங்கே வைப்பது என்று கேட்டார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். தர்சினி தமிழில் சொன்னாள்: "ஏன் கையைத் தூக்கினனீங்களாம்."

நான் பொய் சொல்லவில்லை. ஆனையிறவில் பஸ்ஸை நிறுத்துவதைச் சொன்னேன். அவர்கள் வாய் திறக்குமுன் கை மேலே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் துவக்குப் பிடியால் அடி விழும் என்று சொன்னேன். "ஒருக்கால் நான் ஒரு கையைத்தான் தூக்கினனான். மற்றக் கையிலை பிள்ளை இருந்தது. ரெண்டு கையும் தூக்கச் சொல்லிக் கத்தினான். பிள்ளையை நிலத்திலை வைச்சிட்டுத் தூக்கினனான். பிள்ளையின்ரை சட்டையையும் தடவிப் பாத்தவங்கள்."

தர்சினி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"எந்தப் பிள்ளை?" என்று என்னைக் கேட்டாள்.

"நீதான். ரெண்டு வயசிருக்கும்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். அதிகாரி காத்திருந்தார். பிறகு அவரைப் பார்த்து இங்கிலீஷில் நீளமாகப் பேசினாள். நான் சொன்னதைவிட நீளம். அதில் எனக்கு விளங்கிய ஒன்று: "என் அப்பாவை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அவர் கையைத் தூக்கியது உங்களுக்குச் சம்மதம் சொல்ல அல்ல." சொல்லும்போது அவள் குரல் ஸ்ரேசனில் எனக்கு வராமல் போன குரல்.

அதிகாரி எழுதினார், எழுந்து போனார். திருப்தியா என்று முகத்தில் தெரியவில்லை. மழைக்கோட்டுத் தண்ணீர் மட்டும் தரைவிரிப்பில் இருந்தது.

துவக்கு திரும்பி வந்தது. தேர்வு முடிந்த அடுத்த கிழமை வந்தது. தர்சினி கழகத்து வலக்கைத் துவக்கோடு தேர்வுக்குப் போய், எடுபடாமல் வந்திருந்தாள். "அடுத்த வருசம் பாப்பம்" என்றார்கள். துவக்கோடு வந்த கடிதத்தில், மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. என்மேல் எடுக்க இருந்த நடவடிக்கையைச் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்ட காரணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சம்மதம் சம்மதமாகவே அங்கே எழுதப்பட்டுக் கிடக்கிறது.

6

சுவர்ணாவின் கடிதம் வந்த கிழமை, அதே தெரு. மீண்டும் கார், மீண்டும் இரண்டு பேர், வேறு ஆட்கள். என் தோள்கள் தாங்களாகவே ஏறத் தொடங்கின. எனக்குத் தெரிந்தது, நிறுத்த முடியவில்லை.

"அப்பா" என்றாள் தர்சினி பின்னாலிருந்து, மெதுவாக. "கை."

அவ்வளவுதான். துவக்கு உறையின் பட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். நகம் உள்ளங்கையில் குத்தியது. பாடமாக்கி வைத்திருந்த இங்கிலீஷில் சொன்னேன்: "இது றைபிள். லைசென்ஸ் வெளிப்பையில் இருக்கிறது. எடுக்கலாமா?"

எடுக்கச் சொன்னார்கள். பார்த்தார்கள். சரி என்றார்கள். "ஆனாலும் உன்னைத் தேட வேண்டியிருக்கிறது" என்றார் ஒருவர்.

"என்ன காரணம், சேர்?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மற்றவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "துவக்கு வைத்திருப்பதாகச் சந்தேகம்."

"சந்தேகம் ஏன், சேர்? வைச்சிருக்கிறன். லைசென்ஸ் உங்கடை கையிலை கிடக்கு."

பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். தர்சினிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். பொலிஸ்காரரின் காது சிவந்தது. தேடத்தான் தேடினார். ஆனால் கோட்டை மட்டும். சப்பாத்தைக் கழற்றச் சொல்லவில்லை. என் கைகள் கீழேயே இருந்தன. முடிந்ததும் நாங்கள் கேட்டபடி எழுதித் தந்தார். காரணம் என்ற இடத்தில் அவர் சொன்னதையே எழுதியிருந்தார். லைசென்ஸ் காட்டப்பட்டது என்று அதன் கீழே எழுதச் சொல்லித் தர்சினி பிடிவாதம் பிடித்தாள். அதையும் எழுதினார்.

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் இருந்து அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். "இது மேக் சென்ஸ் பண்ணேல்லை, அப்பா. திங்கக்கிழமை போய்க் கேப்பம். நீங்கள் லீவு எடுங்கோ."

"கேட்டு?"

"கேப்பம்."

போனோம். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

சுவர்ணா, உன் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஓம், இங்கேயும் மறிப்பார்கள், தடவுவார்கள். சட்டப்படி எல்லாம் சரியாக வைத்திருப்பவனையும் தடவுவார்கள். ஏன் என்று கேட்கலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். கேட்டால் பதில் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, கேட்டதற்கு அடி விழாது என்றுதான் சொல்கிறேன். அந்த ஒன்றைப் படிக்க எனக்கு இந்த நாட்டில் இத்தனை வருடம் பிடித்தது.

ஆனால் பிள்ளை, இதை வாசித்துவிட்டு அங்கே மறிக்கும் இடத்தில் நின்று காரணம் கேட்டுவிடாதே. உன்னோடு வரும் பிள்ளைகளுக்கும் சொல்லு. அங்கே அவர்கள் வாய் திறக்குமுன் கையைத் தூக்கு, நான் தூக்கியதுபோலவே தூக்கு, தூக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேர். அதை யாராவது உன் சம்மதம் என்று எழுதினால், அது சம்மதம் இல்லை என்று உன் பெரியப்பாவுக்குத் தெரியும்.